பஞ்சு

கேசட்டின் முதுகில் பச்சை மை:
ஹார்பர் நைட்ஸ், கல்மண்டபம், 84.
பர்மா பஜாரில் ரிப்பேருக்கு வந்து
யாரும் திரும்பக் கேட்காத டெக்கின் வயிற்றில்
மாட்டிக்கொண்டிருந்தது.
டெக் முந்நூறு. கேசட்டுக்குக் காசு வாங்கவில்லை.

முதலில் இருமல்.
அப்புறம் மைக்கை யாரோ விரலால் தட்டுகிறார்கள்.
அப்புறம் ஒரு குரல்:
"எட்வினு, பேஸைத் தூக்குடா."
எட்வின் தூக்குகிறார்.
நாற்பது வருஷம் கழித்து
என் அடுப்பில் குழம்பு அடிபிடிக்கிறது.

பெண் குரலில் பாடுவது மோசஸ் என்கிற ஆண்.
நான்காம் முறை கேட்டபோதுதான் பிடிபட்டது.
பாட்டு முடிந்து கைதட்டல் எழும் முன்
தொண்டையைச் செருமினார்,
மணலி லாரி கியர் மாற்றுவதுபோல.

எங்கே சோடா பாட்டில் உருளும்,
எங்கே கரண்ட் போய்
ட்ரம்ஸ் மட்டும் இருட்டில் தனியாக ஓடும்,
எங்கே ஒன்ஸ்மோர் சத்தத்தில்
ஒரு குழந்தை வீறிடும்,
எல்லாம் மனப்பாடம்.
முகங்கள்தான் தெரியாது.
எட்வின் ஒல்லியா, குண்டா?
மோசஸ் பாடும்போது கண்ணை மூடுவாரா?
உமாபதி ஆர்கனை நின்றுகொண்டு வாசித்தாரா?
போனில் தேடினால்
துறைமுகத்தில் ராத்திரி விளக்கு எரியும் கப்பல்கள் வருகின்றன.

இவர்கள் மட்டுமா.
பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில்
கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு சாக்ஸ் ஊதிய டெரிக் சகோதரர்கள்,
காசிமேட்டில் மீன்பெட்டிகளை அடுக்கி
மேலே ஏறிப் பாடியதாகச் சொல்லப்படும் ஏழு பேர்.
நான் வருவதற்குள் கலைந்துவிட்டார்கள்.
பிறக்கவில்லை என்பது நல்ல சாக்கு.
84இல் எனக்கு இரண்டு வயது,
அதுவும் நல்ல சாக்கு.

கல்மண்டபத்தில் மாவு மிஷின் வைத்திருக்கும்
ரெஜினா அக்காவிடம் கேட்டேன்.
"அவங்களா? ரோடு முழுக்க பாய் போட்டு
மூணு மணி வரிக்கும் குந்தினு இருப்போம்.
பாக்காதவங்க பாவம்மா,"
மிளகாய் நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
கடைசிக் கச்சேரி எப்போது என்றேன்.
"தொண்ணூத்தெட்டு, பங்குனி.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தாண்ட,
ஐஸ் பேக்டரி சந்துல ஒரு ரிசப்சன்."

ஐஸ் பேக்டரி சந்து.
பதினொன்றாம் நம்பர் வீட்டில் நான்.
மறுநாள் காலை கணக்குப் பரீட்சை.

சாமியானாவின் ஒரு கயிறு
எங்கள் ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தது.
அந்தப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்தினேன்.
அப்பாவின் காதுமருந்து டப்பாவிலிருந்து
பஞ்சை எடுத்து, உருட்டி, திணித்தேன்.
மோசஸை மோசஸ் என்று தெரியாமல்
இந்தப் பொம்பள வாயில மண்ணு விழ என்றேன்.
அப்படியும் பேஸ் வந்தது, சுவர் வழியாக.
அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடுங்கின.
சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு வா என்று
அண்ணன் தயாளனை அனுப்பினேன்.
போனவன் ஒரு மணிக்கு வந்தான்,
சட்டையெல்லாம் வேர்வை.

கணக்கில் நாற்பத்து மூன்று.

இப்போது அவனுக்குப் போன் போட்டால்
"பேண்டா? அது யாருக்கு ஞாபகம்?
பிரியாணில பீஸ் பெருசு" என்கிறான்.
பார்த்த கண் அவனுக்கு.
கேசட் எனக்கு.

நேற்று வீட்டில் யாரும் இல்லை.
டெக்கை முன்னறையில் வைத்து
வால்யூமைக் கடைசிவரை திருகி
சமையலறைக் கதவைச் சாத்தி
காதில் பஞ்சோடு
டம்ளர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன்.
இது 84. அந்த ராத்திரி இல்லை. தெரியும்.
எட்வினு, பேஸைத் தூக்குடா.

டம்ளர் அசையவில்லை.
டெக்கின் ஸ்பீக்கர் சின்னது.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
அலமாரியை நானே
லேசாக ஆட்டினேன்.